தெற்குக் கரை காலி இல்லை

கோமதி இறந்த செய்தியை எனக்குச் சொன்னது சுதா. செய்தி கேட்டுக் கிளம்பி ஆரம்பாக்கத்தில் ரயிலுக்குக் காத்திருந்தவள் அங்கிருந்தே போன் செய்தாள். "சார், மேடம் பூட்டாங்க சார்" என்றாள். மேஜையில் பாதி வரைந்த திட்டப் படம் கிடந்தது. அதைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

கோமதி பெரிய நகரமைப்பு நிபுணர் என்பது அவரோடு வேலை பார்த்த எங்களுக்கெல்லாம் தெரியும். பெரிய தொல்லை என்பதும் தெரியும். எந்த ஊருக்குத் திட்டம் போடச் சொன்னாலும் முதலில் அந்த ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து வகுப்பு எடுப்பார். தெரு யாருக்காக, பொது இடம் யாருடையது, மழைத் தண்ணீர் ஏன் இந்தப் பக்கம் ஓடுகிறது என்றெல்லாம். "இந்தப் பசங்க இங்க இன்னும் அம்பது வருஷம் இருக்கப் போறாங்க. நாம ரிப்போர்ட் கொடுத்துட்டுப் போயிடுவோம்" என்பார். கெடு நெருங்குகிறதே என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

பழவேற்காடு ஏரிக்கரை ஊர் ஒன்றில் படகுத்துறைக்கு இடம் பார்க்கும் வேலை எங்களுக்கு வந்தது. ஊரை வரையுங்கள் என்று கோமதி சொன்னதும், பையன்கள் தாளில் முக்கால்வாசிக்கு ஏரியை வரைந்தார்கள். வீடுகளெல்லாம் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தன. "ஊரை வரையச் சொன்னா ஏரியை வரைஞ்சு வச்சிருக்கீங்களேடா" என்றேன். "இன்னா சார், ஏரிதானே ஊரு?" என்றான் ஒருவன். ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை போடலாம் என்பதற்கு அங்கே முறை உண்டு, பாடு என்பார்கள். ஒவ்வொரு பாட்டையும் பெயர் சொல்லிக் கோடு போட்டுக் காட்டினார்கள். கோமதி பூரித்துப்போனார். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்தார்.

படத்தில் தெற்குக் கரையோரம் மட்டும் வெறுமையாக இருந்தது. "அது யார் பாடும் இல்ல மேடம், சும்மா கெடக்குது" என்றார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். ஆழப்படுத்தித் துறை கட்டிவிடலாம் என்றேன், கோமதியும் சரி என்றார். மறுநாள் ஊர்க்கூட்டத்தில் படத்தை வைப்பதாக ஏற்பாடு.

வகுப்பு கலைந்த பிறகு ஒரு பெண் மட்டும் போகாமல் நின்றாள். அவள்தான் சுதா, அப்போது பதினான்கு வயது. "மேடம், எங்கம்மா அங்கதான் இறால் புடிக்குது" என்றாள். வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீரில் இறங்கிச் சேற்றைக் கையால் தடவிப் பிடிக்கிற வேலை. பாடு என்பது வலைக்காரர்களுக்கு மட்டும்தான். ஆகவே பையன்கள் பொய் சொல்லவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது காலி இடம். "இதை வகுப்புலயே ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "யாரும் கேக்கல சார்" என்றாள்.

விடிந்ததும் கோமதி பையன்களையும் என்னையும் தெற்குக் கரைக்கு இழுத்துப் போனார். ஏழெட்டுப் பெண்கள் தண்ணீரில் இருந்தார்கள். வாயில் கவ்விய கூடையோடு சுதாவின் அம்மா எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். ஆழப்படுத்தினால் அந்தச் சேறு இருக்காது, சேறு போனால் அவர்களுக்குப் பிழைப்பு இல்லை.

கூட்டத்தில் கோமதி எழுந்தார். "நேத்து போட்ட படம் தப்பு. தப்பு என்னோடது, பசங்களோடது இல்ல" என்றார். அது என் தப்பு என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பேனாவைச் சுதாவிடம் நீட்டினார். படத்தின் அந்த வெற்று இடத்தில், 'எங்க அம்மாங்க வேலை செய்யிற எடம்' என்று அவள் எழுதினாள். "தொறை தள்ளிப் பூட்டா நாங்க இன்னா பண்றது? அம்மாந்தூரம் நடக்கணுமே" என்று ஒரு பெரியவர் எகிறினார். "நடங்க நைனா, கால்தானே வலிக்கும்" என்றார் கோமதி. கூட்டம் சிரித்துவிட்டது. துறை வடக்கே போனது. கெடு தாண்டிப் போனதற்கு அலுவலகத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல அர்ச்சனை நடந்தது.

கோமதியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. எந்தப் படத்திலும் கையெழுத்துப் போடும் முன், கூட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர் யார் என்று தேடிப் போய்க் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் வேலை தாமதமாகிறது, திட்டு விழுகிறது. இவ்வளவு நாள் அதில் பாதியைக் கோமதி வாங்கிக்கொண்டார். இனி முழுதும் எனக்குத்தான்.