மிச்சமிருந்த தெம்பை அக்கா என்ன செய்தார்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைவடைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையாகிய என் வணக்கம். உங்களில் பலர் அக்காவைப் பள்ளி வேன் ஓட்டியவராகத்தான் அறிவீர்கள். நோயோடு அவர் வாழ்ந்த மாதங்களை அருகிலிருந்து பார்த்தவர்கள் சிலரே. அதனால் அந்த மாதங்களைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

மலேசியாவின் குளுவாங் நகருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் அக்கா பிறந்தார். அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போய்விடுவார்கள். எனக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அழைத்துப் போனவர் அக்காதான். பள்ளியிறுதியான ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்தார். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியபோது குடும்பம் டவுனுக்கு வந்தது. லாரி ஓட்டுநர் ஒருவரை மணந்தார்; அவரை நான் மாமா என்பேன். ஒரே மகள். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் தொழிற்சாலையை விட்டு வேன் ஓட்ட ஆரம்பித்தார். பெண்பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்களே பிறகு தங்கள் பிள்ளைகளை அவரிடம் அனுப்பினார்கள். அழுதுகொண்டே ஏறும் பிள்ளையிடம் காரணம் கேட்க மாட்டார். முன்சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். அவ்வளவுதான்.

சோர்வு எப்போது தொடங்கியது என்று எங்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. துணி காயப் போடும்போது பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வார். என் வீட்டு விசேஷம் ஒன்றில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். எல்லோரும் சிரித்தோம், அவரும் விழித்துச் சிரித்தார். வயதாகிறது என்றார்கள், ரத்தம் பத்தவில்லை என்றார்கள். கிளினிக்கில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஞாயிறு முழுதும் படுத்துத் தூங்கினாலும் திங்கட்கிழமை தூங்காதவர் போலத்தான் எழுந்தார்.

ஒரு நாள் மதியம் பள்ளி விட்டுப் பிள்ளைகளை ஏற்றி வரும்போது கண்கள் தாமாக மூடுவதை உணர்ந்திருக்கிறார். பெட்ரோல் நிலையத்தில் வேனை ஓரங்கட்டி நிறுத்தி, மாமாவுக்குப் போன் செய்தார்.

"என்னங்க, கொஞ்சம் வாங்க. என்னால ஓட்ட முடியல."

"ஏன், வண்டி பழுதா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. நான்தான் நல்லால்ல."

மாமா வந்து எல்லாப் பிள்ளைகளையும் வீடு சேர்த்தார். அக்கா பின்சீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வந்தார். வீட்டில் இறங்கியதும் சாவியை மாமாவிடமே விட்டுவிட்டார். "இனிமே பிள்ளைங்கள ஏத்த மாட்டேன். உடம்புக்கு என்னான்னு பார்த்துட்டுத்தான் மத்தது." யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

பரிசோதனைகளுக்கு, நான் வசிக்கும் ஜோகூர் பாருவில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தார். குடலில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார் டாக்டர். அக்கா கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"டாக்டர், இந்த அசதி அதனாலதானா?"

"ஆமாம்மா, அதுவும் ஒரு காரணம்."

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் என் கையைப் பிடித்தார். "நான் சோம்பேறியாயிட்டேனோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் பாப்பா." நோயின் பெயரைக் கேட்டு அழாதவர் அப்போது அழுதார்.

சிகிச்சைக் காலத்தில் பெரும்பாலும் என் வீட்டில்தான் தங்கினார். மருந்து ஏற்றிய மறுநாளிலிருந்து, பல் துலக்கிவிட்டு வருவதே பெரிய வேலையாகிவிடும். ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் பக்குவமாகச் சொல்லிக் கொடுத்தார். "தெம்பு வந்த அன்னைக்கே எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுடாதீங்கம்மா. கொஞ்சம் செய்ங்க, உட்காருங்க. அதுக்காகப் படுத்தே கெடக்காதீங்க, வாசல் வரைக்குமாவது நடங்க." அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். உட்கார்ந்து குளித்தார். உட்கார்ந்து காய் நறுக்கினார். பார்க்க வந்தவர்களிடம் கூச்சப்படாமல், "நீங்க பேசுங்க, நான் கண்ண மூடிக்கிட்டுக் கேக்குறேன்" என்றார். சிலருக்கு அது சங்கடமாக இருந்தது. சிலர் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கிடையில், வேனில் வந்த இரண்டு பிள்ளைகளின் தாயான பரமேஸ்வரி வேனை எடுத்து ஓட்ட முன்வந்தார். உரிமமும் வாங்கிவிட்டார். ஆனால் தனியாக ஓட்டப் பயந்தார். சிகிச்சைக்கு நடுவே குளுவாங் திரும்பியிருந்த அக்கா, அவர் பழகும்வரை தான் கூட வருவதாகச் சொல்லிவிட்டார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் அம்மாவுக்காக விடுப்பு எடுத்து வந்திருந்த நேரம் அது. அவளுக்குத் தாங்கவில்லை.

"நான் லீவு போட்டு வந்தா என்கூடப் பேசக்கூட முடியாமப் படுத்திருக்கீங்க. வேனுக்கு மட்டும் தெம்பு வருதாம்மா?"

அக்கா சொன்னார்: "வரலம்மா. ஒரு நாளைக்குக் கொஞ்சந்தான் இருக்கு. அத அங்க குடுத்துட்டா உனக்கு இல்ல. தெரிஞ்சுதான் போறேன்."

"அப்புறம் ஏன்?"

"அன்னைக்கு வண்டி பாதியில நின்னப்ப சின்னதுங்க பயந்துடுச்சு. என்னைய அப்படியே ஞாபகம் வெச்சுக்கக் கூடாது. நல்லபடியா எறங்கி, கைய காட்டிட்டு வந்துடுறேன். அதுக்கப்புறம் மிச்சம் பூரா உனக்குத்தான்."

மகள் அறைக்குள் போய்விட்டாள். மறுநாள் காலை வேனின் முன்சீட்டில் தலையணை வைத்து அம்மாவை ஏற்றிவிட்டவளும் அவள்தான்.

அந்த வாரம் அக்கா காலையில் மட்டும் போய்வந்தார். திரும்பி வந்தால் மாலை வரை தூக்கம். கடைசி நாளன்று ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டு வழியனுப்பினார். முதலாம் ஆண்டு வகுப்புச் சிறுமி ஒருத்தி, "ஏன் ஆன்ட்டி, நாளைக்கு வர மாட்டீங்களா?" என்றாள்.

"ஆன்ட்டிக்கு ரொம்ப அசதியா இருக்கு தங்கம்."

"அப்போ போய்த் தூங்குங்க," என்றுவிட்டு அவள் ஓடிவிட்டாளாம். அதைச் சொல்லிச் சொல்லி அக்கா சிரித்தார்.

மகளுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றினார். மாலையில் மகள் காரில் அழைத்துக்கொண்டு போவாள். எங்கும் இறங்க மாட்டார்கள். "பிரேக்க இப்படியா அமுக்குவ?" என்று அக்கா குறை சொல்வார். சில நாள் இருவரும் பேசாமலே சுற்றிவிட்டு வருவார்கள். மருந்து இனிப் பலன் தராது என்று தெரிந்தபோது, "போதும் டாக்டர், வீட்டுல இருக்குறேன்" என்று அவரே சொன்னார். ஒரு காலை வேளையில், மாமா வாயில் தண்ணீர் விட, மகள் காலைப் பிடித்திருக்க, அமைதியாக மூச்சு அடங்கியது.

சிகிச்சையளித்த டாக்டர்களுக்கும் தாதியர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. பிள்ளைகளைப் பொறுப்பேற்ற பரமேஸ்வரிக்கும், கஞ்சியும் ரசமும் கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போன அண்டை வீட்டாருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகவர அலுக்காமல் கார் ஓட்டிய மாமாவுக்கும் நன்றி.

கடைசியாக, அக்காவின் மகளுக்கு. அம்மாவிடம் அன்று கோபப்பட்டுவிட்டேனே என்று நீ இன்னும் என்னிடம் சொல்லி அழுகிறாய். நாங்கள் எல்லோரும் "ஓய்வெடுங்க, ஓய்வெடுங்க" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தோம். ஏன் என்று கேட்டவள் நீ ஒருத்திதான். கேட்டதால்தான் அவர் மனத்தில் இருந்ததைச் சொன்னார். உன் கோபத்துக்கும் சேர்த்தே நன்றி, மகளே.