ஞானமுத்துவுக்கு ஜெபம் பண்ணின வெள்ளிக்கிழமை

தீப்புண்ணுக்குத் தடவுற வெள்ளை ஆயின்ட்மென்ட் வாசனையும் புது பத்திரிகைத் தாள் வாசனையும் சேர்ந்து வந்தா, எங்க இருந்தாலும் எனக்குக் கும்மிடிப்பூண்டி வீட்டோட முன் ரூம்தான் ஞாபகம் வரும்.

எங்க நைனா அங்க ஒரு இரும்பு உருக்குற மில்லுல வேலை பார்த்தாரு. ஒரு மத்தியான ஷிஃப்ட்ல உருகின இரும்பு தெறிச்சு, முகம், நெஞ்சு எல்லாம் வெந்து, ரெண்டு கண்ணும் போச்சு. சென்னையில பெரிய ஆஸ்பத்திரியில ரொம்ப நாள் வெச்சிருந்துட்டு, இனிமே வீட்லயே பாத்துக்கோங்கன்னு அனுப்பிட்டாங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு எங்க எல்லாருக்கும் தெரியும்.

சபையில சத்தமா பாடுற ஆளு எங்க நைனா. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த பிறகு ஜெபம்னு சொன்னாலே மூஞ்சிய செவுத்துப் பக்கம் திருப்பிக்குவாரு. பாஸ்டர் வந்து பைபிளைத் திறந்தப்ப, "நீங்க படிங்க ஐயா. என்னாண்ட மட்டும் ஆமென் கேக்காதீங்க"ன்னுட்டாரு. அம்மா சமையல் ரூமுக்குள்ள போய் அழுதாங்க.

பார்க்க வர்றவங்க வேற, கர்த்தர் ஏதோ நோக்கத்தோடதான் செஞ்சிருப்பாருன்னு சொல்லிட்டு டீ குடிச்சிட்டுப் போவாங்க. அவங்கள வெளிய தள்ளிக் கதவைச் சாத்தணும்போல எனக்கு ஆத்திரம் வரும்.

நான் அப்பதான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன்ல சேர்ந்திருந்தேன். சாயந்திரம் வந்து நைனாவுக்கு எதையாவது படிச்சுக் காட்டுறது என் வேலை. பைபிள் வேணாம்னாரு. நியூஸ் பேப்பரும் வேணாம்னாரு. கடைசியில, சபையில மாசாமாசம் குடுக்கிற பத்திரிகையில ஒரு தொடர்கதை வந்துட்டிருந்துச்சு... அதை எடுத்தேன்.

கதையில ஞானமுத்துன்னு ஒருத்தர், மலையடிவாரத்துல ஒரு சின்ன சர்ச்சுல மணி அடிக்கிறவரு. ஒரே மகள் கல்குவாரித் தண்ணியில மூழ்கிச் செத்துட்டா. அன்னையிலேர்ந்து அவரு சர்ச்சுக்குள்ள கால் வைக்கல. வெளிய தொங்குற கயிறைப் பிடிச்சு மணியை மட்டும் அடிச்சிட்டு, மரத்தடியில போய் உக்காந்துக்குவாரு. யாராவது கேட்டா, "அவரோட எனக்குப் பேச்சு இல்ல. மணி என் வேலை"ன்னுவாரு.

நைனா செவுத்தை விட்டு என் பக்கம் திரும்பினாரு.

"அத்த இன்னொருவாட்டி படி."

அப்புறம் மாசம் பூரா அதே பகுதிதான். எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. "இன்னைக்கு ஞானமுத்து இன்னா பண்றான் பாரு"ன்னு தினமும் கேப்பாரு... நேத்துலேர்ந்து ஏதோ புதுசா நடந்திருக்கும்ங்கிற மாதிரி.

இப்படியே சில மாசம் போச்சு. ஒரு இதழ்ல மணிக்கயிறு அறுந்துடுது. புதுக் கயிறு கட்டணும்னா உள்ள போய் மேல ஏறணும். நல்ல மழை. ஞானமுத்து கயிறைக் கையில வெச்சுக்கிட்டு வாசப்படியில நிக்கிறாரு. தொடரும்.

அடுத்த இதழ்ல கதை இல்ல. எழுதுறவருக்கு உடம்பு முடியல, தொடர்கதை நிறுத்தப்படுதுன்னு ஒரு சின்ன கட்டம் போட்டிருந்தாங்க. அதைப் படிச்சுச் சொன்னேன்.

"அப்போ ஞானமுத்துவ யாரு பாத்துக்குவாங்க?"ன்னாரு நைனா.



அந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் எங்க வீட்ல. எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சுத்தி உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தரும் தனக்கு எதுக்கு ஜெபம் வேணும்னு சொல்லணும். நைனா முறை வந்தா அம்மாதான் அவருக்கும் சேர்த்துச் சொல்லுவாங்க. அன்னைக்கு அம்மா வாயைத் திறக்கிறதுக்குள்ள, கட்டில்லேர்ந்து சத்தம் வந்துச்சு.

"ஞானமுத்துன்னு ஒருத்தன். அவனுக்காக ஜெபம் பண்ணுங்க."

பக்கத்து வீட்டு மேரி அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கதை கிதை எதுவும் தெரியாது. "எந்த ஊரு அண்ணே அவரு? இன்னா நோவு?"ன்னு கேட்டாங்க.

"நோவு ஒண்ணும் இல்லமா. பொண்ணு பூட்ச்சு. கோயிலுக்குள்ள போவ மாட்டேன்றான்."

"ஐயோ பாவம்"னு மேரி அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கிட்டாங்க. பாஸ்டருக்கு விஷயம் தெரியும், பத்திரிகையைக் குடுக்கிறவரே அவருதானே. சிரிப்பாரோன்னு பயந்தேன். அவரு சிரிக்கல. "அவரைப் பத்தி உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். நீங்களே பண்ணுங்க"ன்னாரு.

நைனா பண்ணினாரு. ஜெபத்துல எல்லாரும் சொல்ற மாதிரி நீர், உம்முடையன்னு எல்லாம் சொல்லல.

"ஆண்டவரே... அவன் கோவமா கீறான். அந்தக் கோவத்துல நியாயம் கீது. ஆனா கயித்த கையில வெச்சுக்கினு வாசப்படி வரைக்கும் வந்துட்டான். நீ உள்ளயே குந்திக்கினு பாத்துக்கினு இருக்காத. எய்ந்து வெளிய வா."

அம்மா என் கையை இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க.

அதுக்கப்புறம் தினமும் அந்த ஜெபம்தான். தனக்காக ஒரு வார்த்தை கேக்கல. வலியும் குறையல. புண்ணுல சீழ் வெச்சு, மழைக்காலம் முடியறதுக்குள்ள போயிட்டாரு. போறப்போ மூஞ்சி செவுத்துப் பக்கம் இல்ல, எங்க பக்கம் இருந்துச்சு. ஆறுதல்னு எனக்குச் சொல்லத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

இப்போ பத்திரிகையும் வர்றதில்ல. காலையில கண்ணு முழிச்சா போன்ல ரோஜாப்பூ படம் போட்ட பைபிள் வசனம் வரிசையா வந்து நிக்குது. போன வருஷம் என் வீட்டுக்காரர் ஹார்ட் அட்டாக்ல போனதிலேர்ந்து நான் எதையும் திறக்கிறதில்ல. ஞாயித்துக்கிழமை அம்மாவை ஸ்கூட்டியில கூட்டிட்டுப் போய் சர்ச்ல விட்டுட்டு, வண்டி நிறுத்துற இடத்துலயே உக்காந்துக்குவேன்.

போன வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் எங்க வீட்ல, மேரி அக்காவும் வந்திருந்தாங்க. தப்பிக்க முடியல. என் முறை வந்துச்சு. "ஞானமுத்துவுக்காக"ன்னேன்.

அது கதைன்னு மேரி அக்காவுக்கு இத்தனை வருஷத்துல யாரும் சொல்லல. அவங்க நிமிர்ந்து என்னைப் பாத்தாங்க.

"இன்னமும் உள்ள போலியா அவரு?"

"இல்லக்கா. வாசப்படியிலயேதான் நின்னுக்கினு கீறாரு."

"சரி, கண்ண மூடு"ன்னு சொல்லிட்டு, மேரி அக்கா ஜெபம் பண்ண ஆரம்பிச்சாங்க.