ஆம்புலன்ஸிலிருந்து அனுப்பிய ஈசிஜி

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை. மாடம்பாக்கம் வீட்டில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. பக்கத்துக் கிளினிக்கில் ஈசிஜி எடுத்து, தாளை என் கையில் திணித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அம்மா ஆட்டோவில் பின்னால் வந்தாள்.

வழியிலேயே அந்த ஆஸ்பத்திரி டாக்டர் போனில் வந்தார். "ஈசிஜியை போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா. நீங்க வர்றதுக்குள்ள எல்லாம் ரெடி பண்ணிடறோம்" என்றார்.

அனுப்பினேன். பாதியில் நின்றது. மறுபடி அனுப்பினேன், மறுபடி நின்றது. இத்தனைக்கும் என் பிழைப்பே இதுதான். ஓடும் வண்டியில் சிக்னல் நொடிக்கு நொடி மாறும். பக்கத்தில் ஒரு லாரி வந்தால்கூட விழும். அப்படியும் தகவல் முழுசாகப் போகிறதா என்று சோதிப்பதற்குத்தான் செல்போன் கம்பெனியில் எனக்குச் சம்பளம். வேலையில் செய்வதையே செய்தேன். படத்தைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒவ்வொன்றாக அனுப்பினேன். கேம்ப் ரோடு நெரிசலில் வண்டி நின்றபோது, டிரைவர் தன் போனையும் பின்னால் நீட்டினார்.

"இதுலயும் அனுப்புக்கா. வேற கம்பெனி சிம்மு. அதுல போவலைன்னா இதுல போவும்."

யாரோ எவரோ, லாக்கைக்கூட எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார். இரண்டு போனிலும் மாற்றி மாற்றி அனுப்பினேன்.

சேலையூர் தாண்டும்போது அப்பா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். ஆக்சிஜன் மாஸ்க்குக்குள் ஏதோ சொன்னார். சைரன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"இருங்கப்பா, இன்னும் கொஞ்சம்தான் பாக்கி" என்றேன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைசித் துண்டும் போனது. "கிடைத்தது, வாருங்கள்" என்று டாக்டரிடமிருந்து பதில் வந்தது. துள்ளிக் குதிக்காத குறையாகத் திரும்பினேன். அப்பாவின் கண்கள் செருகியிருந்தன. துப்பட்டா நுனி இன்னும் அவர் விரல்களுக்குள் இருந்தது.

வாசலில் டாக்டர், நர்ஸ் எல்லாம் ஸ்ட்ரெச்சரோடு தயாராக நின்றார்கள். ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை. இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. "நீங்க கரெக்டாதாம்மா பண்ணீங்க" என்று டாக்டர் தட்டிக்கொடுத்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் அதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

மறுவாரமே வேலைக்குப் போனேன். வேறு என்ன செய்வது? அங்கே ஒரு துண்டு விட்டுப்போனால் பதறவே வேண்டாம், கேட்டால் மறுமுனை திரும்ப அனுப்பிவிடும். வீட்டுக்கு வந்தால் அம்மா, "அப்பா கடைசியா என்னடி சொன்னாரு?" என்கிறாள், நான் யாரிடம் போய்க் கேட்பேன்?