ஐஸ் பெட்டியில் வந்த சாம்பிள்

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில், கடலூரில் நான் வேலை பார்த்த லேபுக்கு விந்தணுவைக் கணக்கெடுக்கும் கம்ப்யூட்டர் வந்தது. அதுவரை மைக்ராஸ்கோப்பில் கண் எரிய எரிய நானேதான் எண்ணிக்கொண்டிருந்தேன். இதில் நீந்துகிற அணு திரையில் பச்சையாகத் தெரியும், நகராதது சிவப்பாகத் தெரியும். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கசங்கி வந்து அதன் முன்னால் உட்காரும்போது எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வரும்.

சாம்பிள் கொடுக்க லேபில் இருந்தது ஒரே ஒரு பாத்ரூம். அதன் வாசலிலேயே ஜனங்கள் காத்திருப்பார்கள். அதனால் பக்கத்து ஊர்க்காரர்களை வீட்டிலேயே எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவரச் சொல்லிவிடுவோம். அப்படித்தான் கடலோர ஊரிலிருந்து மீன்பிடிக்கிற ஒருவர் மனைவியோடு வந்தார். கல்யாணமாகி ஏழு வருஷம். குறை அவளுக்குத்தான் என்று வீட்டில் முடிவு கட்டி, அவருக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சும் ஆரம்பித்திருந்தது.

திரை முழுக்கச் சிவப்பு. எண்ணிக்கையில் குறைவில்லை, ஆனால் ஒன்றுகூட அசையவில்லை. கம்ப்யூட்டரே சொன்ன பிறகு என்ன யோசனை என்று பிரிண்ட் எடுத்து நீட்டினேன்.

"எதுக்கும் ஓட்டம் இல்லைங்க" என்றேன்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வுடு மாமா. புள்ள இல்லன்னா என்ன, உனக்கு நான், எனக்கு நீ" என்றாள்.

"கெட்டுடக் கூடாதுன்னு ஐஸ்கூட ஜாஸ்தியா போட்டுதானே எடுத்தாந்தேன்" என்று அவர் முணுமுணுத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடைக்குள் இருந்த தெர்மாகோல் பெட்டியைத் திறந்து காட்டினார். மீனுக்கு வைப்பது போலவே கீழேயும் மேலேயும் ஐஸ் பரப்பி, நடுவில் டப்பாவை வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். அந்தக் குளிரில் எந்த அணு நீந்தும்? கவுன்ட்டரில் டப்பாவை மட்டும் வாங்கி, உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் பெட்டிக்குள் வைத்துவிட்டதால் என் கைக்கு வரும்போது ஜில்லிப்பு போயிருந்தது. உடம்புச் சூட்டிலேயே எடுத்துவர வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. வெட்கத்தோடு ரிப்போர்ட்டை வாங்கிக் கிழித்தேன், மன்னிப்புக் கேட்டேன்.

நாலு நாள் கழித்து டப்பாவைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு வந்தார். திரையில் பச்சை பச்சையாக ஓடியது.

"உங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க" என்று சந்தோஷத்தில் நானே உரக்கச் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் பெஞ்சில் இருந்தவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு என்று வீட்டில் கேட்கப் போகிறார்கள். அவளுக்கு இன்னும் ஒரு டெஸ்ட்கூட எடுத்திருக்கவில்லை.

அன்றைக்கு அவள் சொன்னதை இப்போது அவர் திருப்பிச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லய்யா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவர் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சி, வா" என்றார்.