பச்சை டாங்கி நின்ற இடம்

முற்பகலில் எங்கள் மயிலாப்பூர் தெருவில் ஓய்வு பெற்றவர்களைத் தவிர்த்தால் வீட்டில் இருக்கும் ஆண் நான் ஒருவன்தான். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு நாளிதழில் இரவுப் பணி பார்க்கும் துணை ஆசிரியராக இருந்தேன். மாடிப் போர்ஷன், தனி வாசல். எழுந்து, குளித்து, மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்தால் வேலைக்குக் கிளம்பும்வரை யாரும் என்னிடம் பேச வேண்டிய அவசியம் இல்லை. அப்போதுதான் டிவி கேமைப் போடுவேன்.

அது பழுப்பேறிய வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி. கேசட்டை மேலே செருக வேண்டும். படம் வராவிட்டால் எடுத்து, வாயால் ஊதி, மறுபடி செருக வேண்டும். அசல் எந்திரம் ஜப்பானில் செய்தது என்பார்கள். எனக்குத் தெரிந்த யாரும் அசலைப் பார்த்ததில்லை. எங்களிடம் இருந்தது நகலின் நகல்.

எங்களிடம் என்றால், என்னிடமும் என் அறை நண்பனிடமும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தி.நகரில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரே அறையில் இருந்தோம். அவன் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். பாண்டி பஜார் நடைபாதையில் பேரம் பேசி, இருவரும் சேர்ந்து அந்தப் பெட்டியை வாங்கினோம். கேசட்டில் நிறைய ஆட்டங்கள் இருந்தும் நாங்கள் ஆடியது ஒன்றைத்தான். திரையின் அடியில் செங்கல் சுவர் வைத்த ஒரு சின்னக் கோட்டை. அதற்கு இடப்பக்கம் மஞ்சள் டாங்கி, வலப்பக்கம் பச்சை டாங்கி. மேலிருந்து எதிரி டாங்கிகள் இறங்கும். கோட்டை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. மஞ்சள் நான், பச்சை அவன். ஒருவர் மற்றவரைச் சுட்டால் சுடப்பட்ட டாங்கி சில நொடிகள் அசையாமல் நிற்கும். பாதி ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே கழிந்தன.

“டேய், கோட்டைய விட்டுட்டு எங்கடா ஊர் சுத்தற?” என்பான் அவன்.

“நீ மொதல்ல என் மேல சுடாத.”

“தெரியாம பட்டுடுச்சு மச்சி.”

“மூணு தடவையும் தெரியாமத்தானா?”

ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தான் முதல் ஜாய்ஸ்டிக்கில் மட்டும்தான் உண்டு. இரண்டாவதை வைத்திருப்பவன் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவன் “போடு மச்சி” என்பான். நான் போடுவேன்.

பிறகு அவனுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. அறையைக் காலி செய்தபோது குக்கரை அவன் எடுத்துக்கொண்டான், டிவி கேமை எனக்கு விட்டான். நியாயமான பங்கீடு என்றுதான் அன்று பட்டது.

மயிலாப்பூருக்கு வந்த பிறகும் நான் ஒற்றை ஆளுக்கான ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. இருவர் ஆட்டத்தையே போட்டேன். பச்சை டாங்கி அதன் இடத்தில் தோன்றி அப்படியே நிற்கும். எதிரி சுட்டால் அழியும், மறுபடி தோன்றும், அதற்கான உயிர்கள் தீர்ந்ததும் வராது. அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் எனக்குப் போட்டி. கோட்டையை விட்டுவிட்டுக்கூட அதன் முன்னால் போய் நிற்பேன். யாராவது பார்த்திருந்தால் எனக்கு ஆடத் தெரியவில்லை என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு கோடையில் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கின் வயர் பெட்டியோடு சேருமிடத்தில் அறுந்தது. தனியாக ஆடுகிறவனுக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் தேட ஆரம்பித்தேன். தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குச் சில சமயம் செத்துப்போன டிவி கேம்கள் வரும். கடைக்காரர் ஒன்றை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இன்னா சார், கொயந்தைக்கா?”

“எனக்குத்தான்.”

“ரெண்டு குச்சி கீதே. இன்னொண்ணு யாருக்கு?”

நான் பெட்டியைத் திருப்பி வயர்களை இழுத்துப் பார்த்தேன்.

“கல்யாணம் கட்டு நைனா. வெளையாட ஆளு தானா வரும்.”

அதிலிருந்து ஒரு ஜாய்ஸ்டிக்கை எடுத்து, ராயப்பேட்டையில் டிவி ரிப்பேர் செய்பவரிடம் என் பெட்டியில் பற்றவைத்து வாங்கினேன். வேலை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அடுத்த பெட்டி வந்தது, அதற்கடுத்தது வந்தது. கட்டிலுக்கு அடியில் இடம் நிறைந்தது. சாம்பல் நிறம், கறுப்பு, மூடி இல்லாதது, வேறு பெயர் ஒட்டியது. எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் கவனித்தேன். முதல் ஜாய்ஸ்டிக்கில் எழுத்துகள் அழிந்து, பொத்தான்கள் வழுவழுப்பாகியிருக்கும். இரண்டாவது ஏறக்குறைய புதிதாக இருக்கும். இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தது எங்கள் பெட்டியில் மட்டும்தான்.

ஒரு டிசம்பரில் நண்பன் வந்தான், மனைவியுடன். மாமனார் வீடு அடையாற்றில். பார்க்கப் போனேன். ஒரு தடவையாவது அவனைப் பச்சை டாங்கிக்கு உட்கார வைத்துவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடுதான் பேருந்து ஏறினேன். அவன் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தான்.

“இன்னும் அந்தக் குப்பையெல்லாம் வெச்சிருக்கியா?”

“கட்டிலுக்கு அடியில இருக்கு.”

“இங்க பாரு. எமுலேட்டர்னு பேரு. கம்ப்யூட்டரையே டிவி கேம் மாதிரி ஆக்கிடும். எல்லா ஆட்டமும் இதுக்குள்ள. ஊதவும் வேணாம், தட்டவும் வேணாம்.”

எங்கள் ஆட்டம் திரையில் வந்தது. நிறங்கள் நான் பார்த்ததைவிடத் தெளிவாக இருந்தன.

“சாகற மாதிரி இருந்தா ஒரு கீ. மொதல்ல சேவ் பண்ணின எடத்துக்கே போயிடலாம். எல்லா ஸ்டேஜும் முடிச்சிட்டேன்.”

“தனியாவா?”

“பின்ன? அங்க யாருடா வருவா?”

விரல்கள் விசைகளில் வேகமாக ஓடின. அவன் மஞ்சளை ஓட்டினான். கோட்டைக்கு வலப்பக்கம் யாரும் இல்லை. வெறும் கறுப்புத் தரை. ஒற்றை ஆளுக்கான ஆட்டம்.

“ரெண்டாவது ஜாய்ஸ்டிக் சரி பண்ணிட்டேன். நம்ம பெட்டி ஓடுது. வாயேன்,” என்றேன்.

“ஞாயித்துக்கெழம கச்சேரிக்கு மயிலாப்பூர் வரோம். வந்துடறேன்.”

வந்தான். மனைவி கபாலி கோயிலுக்குப் போயிருந்தாள், திரும்பும் வழியில் கூப்பிடுவதாக ஏற்பாடு. நான் காலையிலேயே கேசட்டை ஊதி, போட்டுப் பார்த்து வைத்திருந்தேன். அவன் பேன்ட்டை முழங்காலருகே இழுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். எனக்கு வலப்பக்கம், பழைய இடத்தில். ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்ததும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான்.

“கல்லு மாதிரி இருக்கு. இது என்னோடது இல்லையே.”

“வயர் போயிடுச்சுடா. பழச எடுத்து வெச்சிருக்கேன்.”

“ஓ,” என்றான். எடுத்துக் காட்டச் சொல்லவில்லை. “சரி, போடு மச்சி.”

போட்டேன். பச்சை டாங்கி நகர்ந்தது. முதல் கட்டத்தை எளிதாக முடித்தோம். அவன் நன்றாகத்தான் ஆடினான். ஆனால் என் மேல் ஒரு முறைகூடச் சுடவில்லை. நான் குறுக்கே வந்தால் நின்று வழிவிட்டான். விருந்துக்கு வந்த வீட்டில் ஆடுவதுபோல் ஆடினான். நான் வேண்டுமென்றே ஒரு குண்டு போட்டேன். பச்சை உறைந்து நின்றது. “சாரிடா, நடுவுல வந்துட்டேன்,” என்றான்.

மூன்றாவது கட்டத்தில் கோட்டை விழுந்தது. அவன் இடது கை தரையில் எதையோ தேடி அழுத்தப் போய், நின்றது. “சேவ் கீ தேடறேன் பாரு,” என்று சிரித்தான்.

“இன்னொரு ஆட்டம்?” என்று கேட்டேன். அதற்குள் தெருவிலிருந்து அவன் மனைவியின் குரல் வந்தது. “ஏன்னா, நாழியாயிடுத்து!”

எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டான். சட்டைப்பையிலிருந்து ஒரு ஃபிளாப்பியை எடுத்து டிவிமேல் வைத்தான். “உனக்காக காப்பி பண்ணினேன். ஆபீஸ் சிஸ்டத்துல போட்டுப் பாரு. அதெல்லாம் தூக்கிப் போட்டுடு மச்சி, வீட்ட அடைக்குது.” மாடிப்படியில் ஷூ சத்தம் கீழே இறங்கியது.

ஃபிளாப்பியைக் கொஞ்ச நாள் தொடவில்லை. பொங்கல் கழிந்து ஒரு நாள் அலுவலகத்துக்கு முன்னதாகவே போய்விட்டேன். செய்திகள் வரத் தொடங்கவில்லை, கணினி அறையில் ஏசி சத்தம் மட்டும். போட்டுப் பார்த்தேன். விசைப்பலகையில் ஒரே சமயத்தில் இரண்டு பேர் ஆடலாம் என்று தெரிந்தது. இடப்பக்க விசைகள் மஞ்சளுக்கு, வலப்பக்க விசைகள் பச்சைக்கு. இருவர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, இடக்கையால் ஒன்றையும் வலக்கையால் மற்றதையும் ஓட்டினேன். தடுமாற்றம் சீக்கிரமே போய்விட்டது. இரண்டும் சேர்ந்து கோட்டையைக் காத்தன. வீட்டுப் பெட்டியில் இது முடியாது. இரண்டு ஜாய்ஸ்டிக்குகளை ஒருவனால் பிடிக்க முடியாது.

ஒரு திருப்பத்தில் பச்சையால் மஞ்சளைச் சுட்டேன். மஞ்சள் உறைந்து நின்றது. அவன் சிரிக்கும் இடம் அது. சில நொடிகளில் மஞ்சள் மறுபடி நகரத் தயாராயிற்று.

ஆட்டத்தை நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கினேன். இருவர் ஆட்டம்தான். வலக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பச்சை டாங்கி கோட்டைக்கு வலப்பக்கம் தோன்றி, அதன் இடத்தில் அசையாமல் நின்றது. மேலிருந்து எதிரி டாங்கிகள் இறங்க ஆரம்பித்தன. மஞ்சளை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.