அலெக்சாண்டரின் சாவி

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூரு தொம்மலூர் ஆபீசுக்கு வரும் பியாட்ரிஸின் பொறுப்பில் முந்நூறு சர்வர் கணினிகள். ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் எந்தெந்த ஊரிலோ இருக்கின்றன. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவற்றுக்குள் போய்வர ஆளுக்கொரு ரகசியச் சாவி உண்டு. இரும்புச் சாவி அல்ல, கணினியில் கிடக்கும் நீளமான எழுத்துக் கோவை. ஒருவர் வேலையை விட்டால் அன்றைக்கே அவர் சாவியை எல்லா சர்வரிலும் நீக்கிவிட வேண்டும். அதில் பியாட்ரிஸ் ஈவிரக்கம் பார்க்கமாட்டாள். சொந்தச் சித்தி மகன் ராஜினாமா செய்தபோது, பிரிவுபசார கேக் வருவதற்குள் அவன் சாவியை நீக்கியவள்.

அப்படிப்பட்டவள் அலெக்சாண்டரின் சாவியில் பதினோரு நாளாகக் கைவைக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் பத்து வருஷம் இருந்தவர், அதே ரயிலில் வந்தவர், மாரடைப்பில் போய்விட்டார். செத்தவர் வந்து திருடவா போகிறார் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

பன்னிரண்டாம் நாள் மேலாளர் சேஷகிரி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பியாட்ரிஸ், அலெக்ஸ் சாவியில தினம் காலையில ஒன்பது பத்துக்கு யாரோ எல்லா சர்வர்லயும் நுழையிறாங்க. இன்னைக்குக்கூட. யாரு இது?"

பியாட்ரிஸ் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். வெளியாள் என்றால், முந்நூறு கதவையும் திறந்துபோட்டவள் அவள்தான். வேலையும் போகும், பேரும் போகும்.

எங்கிருந்து நுழைகிறார்கள் என்று தேடினாள். தடம் அலெக்சாண்டரின் மேசைக்கடியில் தூசி படிந்து கிடந்த பழைய கணினியில் கொண்டுபோய் விட்டது. அதில் அவர் எழுதிவைத்த சின்னக் கணினி நிரல் ஒன்று, தானாகவே தினமும் எல்லா சர்வருக்குள்ளும் போய், சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தது. உயிரோடிருந்தபோது அவர் தினமும் காபியோடு வந்து, சர்வர்களைப் பற்றி, "பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்பார். சும்மா சொல்கிறார் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அதுவும் சொந்தச் சாவியில்! நிரலுக்குத் தன் சாவியைக் கொடுக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மனுஷன். அவளுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

நிரலுக்கென்று தனிச் சாவி செய்தாள்; பார்த்துவிட்டு வர மட்டும் அனுமதி. பிறகு அலெக்சாண்டரின் சாவியை எல்லா சர்வரிலிருந்தும் நீக்கினாள்.

மறுநாள் ஒன்பது பத்துக்கு நுழைவுப் பதிவைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். முந்நூறும் பதில் சொல்லின. எந்த வரியிலும் அவர் பெயர் இல்லை.

"என்னக்கா, ஏதாவது சர்வர் டவுனா? ஏன் அழுவுறீங்க?" என்றாள் எதிர் மேசை யசோதா.

"இல்லம்மா," என்றாள் பியாட்ரிஸ். "பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்குதுங்க."