கரையாத மாத்திரை

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணத்துச் சனங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிவந்தார்களே, அந்த வருஷத்தில்தான் ஒரு மருந்துக் கம்பெனியும் அம்பத்தூருக்கு ஓடிவந்தது. ரயிலடிக்குப் பின்னால் மூடிக்கிடந்த நெல் மிஷின் கொட்டகையை முதலாளி வாடகைக்குப் பிடித்தார். சுவருக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடித்து, மாத்திரை மிஷினை மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்து இறக்கினார். ஊர்ப் பெண்கள் சிலரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அவர்களில் நானும் ஒருத்தி. கல்யாணமான கையோடு புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். அப்பா அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கென்று மிச்சமிருந்தது தம்பி ஒருவன்தான். அவன் ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

நாங்கள் செய்தது குளிர்காய்ச்சலுக்கான குயினைன் மாத்திரை. எல்லாமே பட்டாளத்துக்குத்தான். குயினைன் தூளைச் சலித்து, ஸ்டார்ச் மாவைக் கலந்து, காய்ச்சிய கஞ்சிப் பசையை ஊற்றிப் பிசைவோம். புட்டு மாவு பதம் வர வேண்டும். அதைச் சல்லடையில் தேய்த்தால் ரவை ரவையாக விழும். தட்டுகளில் பரப்பிக் கரியடுப்பு அறையில் உலர்த்தி, மறுபடி சலித்து, வழுக்குவதற்குக் கொஞ்சம் டால்க் பவுடரும், காய்ந்த ஸ்டார்ச் ஒரு பங்கும் சேர்ப்போம். பிறகு மிஷின். சக்கரத்தைச் சுற்றினால் ரவை குழிக்குள் இறங்கும், மேலேயிருந்து ஓர் இரும்புக் கட்டை வந்து அழுத்தும், கீழேயிருந்து இன்னொன்று மாத்திரையை வெளியே தள்ளும். நடுவில் ஒரு கோடு போட்ட வெள்ளை வட்டம். முதல் மாத்திரை விழுந்ததைப் பார்த்தபோது எங்களில் ஒருத்தி கையையே தட்டிவிட்டாள்.

வேலை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் ஆவடியிலிருந்து ஒரு புகார் வந்தது. டப்பாவைத் திறந்தால் பாதி மாத்திரை உடைந்து தூளாகிக் கிடக்கிறதாம். இனி அப்படி வந்தால் ஆர்டர் கிடையாதாம். ரயிலிலும் லாரியிலும் குலுங்கிப் போகிற சரக்கு வேறு எப்படி இருக்கும்? அந்தச் சமயம் பார்த்து ஸ்டார்ச்சுக்கும் தட்டுப்பாடு வந்தது. முதலாளி யோசித்துப் பார்த்து, கஞ்சிப் பசைக்குப் பதில் கருவேலம் பிசினைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றச் சொன்னார். கடைசியில் சேர்க்கும் காய்ந்த ஸ்டார்ச்சை நிறுத்தினார். மிஷினின் அழுத்தத்தையும் கூட்டினார். புது மாத்திரையைத் தரையில் எறிந்து பார்த்தோம். கோலிக்குண்டு மாதிரி துள்ளி ஓடியது. முதலாளி முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன்.

மழைக்காலம் முடியும்போது தம்பிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஆவடியில் தோண்டிப்போட்ட பள்ளமெல்லாம் தண்ணீர், தண்ணீரெல்லாம் கொசு. நடுக்கம் வந்தால் கட்டிலே ஆடும். முதலாளியிடம் சொன்னேன். ஒரு டப்பாவை அப்படியே எடுத்துக் கையில் கொடுத்தார். வேளை தவறாமல் கொடுத்தேன்.

"இன்னாக்கா, குயினைன்னா கசக்கும்பாங்க, இது ஒண்ணியும் கசக்கலியே" என்றான் தம்பி.

"கசக்காம கீதேன்னு சந்தோசப்படு" என்றேன்.

காய்ச்சல் விடவில்லை. விட்டு விட்டு வந்து, வரவரக் கடுமையானது. கண் மஞ்சளடித்து, கன்னம் ஒட்டி, எழுந்து கொல்லைக்குப் போகவும் தெம்பில்லாமல் போயிற்று. சாம்பல் போட்ட மண்சட்டியைக் கட்டிலுக்கு அருகிலேயே வைத்தேன். ஒருநாள் காலையில் அதைக் கழுவப்போனபோது, கழிவுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பூச்சி என்றுதான் நினைத்தேன். குச்சியால் தள்ளித் தண்ணீர் ஊற்றினேன்.

மாத்திரை. விளிம்பு தேயவில்லை. நடுவில் கோடு அப்படியே இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. இன்னும் கிளறினேன், இன்னொன்று.

கொல்லையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவன் வயிற்றுக்குள் நான் மருந்து போடவில்லை, கூழாங்கல்லைப் போட்டிருக்கிறேன். அது கரையாமல் அப்படியே வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மாத்திரைகளைக் கழுவி இலையில் சுற்றிக்கொண்டு கம்பெனிக்கு ஓடினேன். முதலாளி ரசாயனம் படித்தவர், அதிர்ந்து பேசாதவர். இலையைப் பிரித்தபோது அவருக்கு முதலில் புரியவில்லை.

"என்னம்மா இது?"

"ஐயா, எந்தம்பிக்குக் குடுத்தது. வெளிய வந்துகீது."

அவர் ஒரு மாத்திரையை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அவனுக்குக் காது இரைஞ்சுதா? உள்ள வண்டு கத்துற மாதிரி?"

"இல்லீங்கய்யா."

"ஒரு தரம்கூட இல்லையா?"

"இல்லீங்க."

"குயினைன் ரத்தத்துல ஏறியிருந்தா காது இரைஞ்சிருக்கணும்மா" என்றார். டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். அடியில் போய் உட்கார்ந்த மாத்திரை உட்கார்ந்தபடியே இருந்தது. ஒரு தூசு பிரியவில்லை. காய்ந்த ஸ்டார்ச் இருந்தால் தண்ணீர் பட்டதும் உப்பி மாத்திரையை உடைத்திருக்கும் என்று அவரே எங்களுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, "நான் தெரிஞ்சேதான் அதை எடுத்தேன். பொடியாகக் கூடாதுன்னு ஒண்ணை மட்டும் நினைச்சுட்டேன்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். படித்த மனிதர் பெண்களுக்கு முன்னால் அப்படி அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

குயினைன் தூளை நிறுத்துப் பொட்டலம் கட்டி அவரே என்னோடு வீட்டுக்கு வந்தார். தேனில் குழைத்துக் கொடுத்தோம். தம்பி முகத்தைச் சுளித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மறுநாள் அவன் பயந்துபோய்க் கூப்பிட்டான்.

"அக்கா, காதுல ரயில் ஓடுது. செத்துப்பூடுவனா?"

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு நடுக்கம் குறைந்து, கஞ்சி கேட்கத் தொடங்கினான்.

அவன் பிழைத்தான். ஆனால் டப்பாக்கள் போயிருந்தனவே. முதலாளி என்னையும் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு ஆவடிக்கு ரயிலேறினார். பட்டாளத்து ஆஸ்பத்திரியையும் மருந்துக் கிடங்கையும் பார்த்துக்கொண்ட டாக்டர் தமிழர்தான். முதலாளி, கடைசியாக அனுப்பிய சரக்கு முழுவதையும் திருப்பித் தரும்படி கேட்டார். டாக்டர் ஆச்சரியப்பட்டார்.

"இதுவரைக்கும் வந்ததுல இதுதான் சார் நல்ல சரக்கு. ஒண்ணுகூட உடையல. அஸ்ஸாம் வரைக்கும் முழுசா போய்ச் சேர்ந்திருக்கு. அதைப் போய்த் திருப்பிக் கேக்கறீங்களே?"

முதலாளி மேஜை மேலிருந்த தண்ணீர் டம்ளரில் ஒரு மாத்திரையைப் போட்டார். டாக்டருக்கு டீ வந்தது. குடித்தார். கோப்புகளில் கையெழுத்துப் போட்டார். பிறகு டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தம்பியின் கதையைச் சொன்னேன், மண்சட்டியில் பார்த்தது உட்பட. சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

அவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "ஆஸ்பத்திரியில எத்தனை பேருக்குக் காய்ச்சல் விடலை தெரியுமா?" என்றார். "மருந்தைத் துப்பிட்டுப் பொய் சொல்றானுங்கன்னு தண்டனை குடுத்திருக்கேன் சார். நானே குடுத்திருக்கேன்."

வெளியே யாரோ ஹவில்தார் கத்திக் கத்தி அணிவகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்.

அன்றே அவர் தந்திகள் அடித்தார். ஆவடியில் இருந்த டப்பாக்கள் உடனே திரும்பின. வடக்கே போனவை கொஞ்சம் கொஞ்சமாக வந்தன, ஓரங்களில் செம்மண் அப்பி, துருப்பிடித்து. முழு டப்பாவைத் திறக்கும்போது மனசுக்கு ஆறுதலாக இருக்கும். பாதி காலியான டப்பாவைத் திறந்தால் மிச்சத்தை எண்ணிப் பார்ப்போம். அந்தப் பாதி எங்கே போயிற்று, யார் வயிற்றில் போயிற்று, அவர்கள் பிழைத்தார்களா என்பதைச் சொல்ல யாருமில்லை. சில டப்பாக்கள் வரவே இல்லை.

குயினைன் வீணாகாமல் மறுபடி மாத்திரை போட, வந்தவற்றை உரலில் இடித்துத் தூளாக்கினோம். அத்தனை கடினம், உலக்கை எகிறியது. இடிக்க இடிக்கத் தூள் பறந்து உதட்டிலும் தொண்டையிலும் கசந்தது. யாரும் வாய் கொப்பளிக்கப் போகவில்லை.